ஜெர்மனியில போன் வேலை செய்யலையா? எங்க ஆரம்பிக்கணும், எப்போ ஆளைக் கூப்பிடணும்

வருஷத்துக்கு ரெண்டு தடவை என் ரூம் செல்போன் கடை ஆயிடும். அக்டோபர்ல விண்டர் செமஸ்டருக்கு வர்ற கூட்டம், ஏப்ரல்ல சம்மர் செமஸ்டருக்கு வர்ற கூட்டம். முதல் நாள் "அண்ணா, குக்கர் விசில் கிடைக்குமா"ன்னு கேட்டு வருவாங்க, ரெண்டாவது நாள் "அண்ணா, நெட்வொர்க் வரல"ன்னு போனைத் தூக்கிட்டு வருவாங்க. நாலு வருஷமா அதே பிரச்சனைங்க தான் சுத்திச் சுத்தி வருது, ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் இதை எழுதுறேன். உங்க பிரச்சனை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்க, மேலிருந்து கீழ ஒண்ணொண்ணா பாத்துட்டு வாங்க. காசு செலவாகாதது முதல்ல இருக்கும், செலவாகுறது கடைசில.

எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ரெண்டு விஷயம். ஒண்ணு, ஃபேக்டரி ரீசெட் போடாதீங்க. ரீசெட் போட்டா பேங்க் ஆப், யூபிஐ ஆப் எல்லாம் மறுபடி உங்க இந்திய நம்பர்லேர்ந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித் தான் உள்ள விடும், அந்த எஸ்எம்எஸ் இங்கேர்ந்து ரோமிங்ல போகணும், போகலன்னா ஒரு சின்ன சிம் பிரச்சனை பேங்க் பிரச்சனையா வளந்துடும். ரெண்டு, இந்திய சிம்மைக் கழட்டி டிஷ்யூ பேப்பர்ல சுத்தி எங்கயாவது வைக்காதீங்க, அது போனுக்குள்ளயே இருக்கட்டும். ஜெர்மன் சிம்மை இசிம்மா, அதாவது அட்டை இல்லாம போனுக்குள்ளயே ஏத்துற சிம்மா வாங்கிக்கலாம், இந்திய சிம் பிளாஸ்டிக் சிம்மாவே இருக்குறது தான் நல்லதுங்குறது என் கட்சி. போன் கீழ விழுந்து உடைஞ்சா பிளாஸ்டிக் சிம்மைக் கழட்டி பக்கத்து ரூம் பையன் போன்ல போட்டு ஓடிபி பாத்துடலாம், இசிம்ல அது நடக்காது.

## புது ஜெர்மன் சிம் போட்டாச்சு, நெட்வொர்க்கே வரல

பின் கேக்குதா? நம்ம ஊர்ல சிம்முக்கு பின் கேட்டு யாருக்கும் பழக்கமில்ல. இங்க பெரும்பாலும் சிம்மோட ஒரு நாலு இலக்க பின் வரும், போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுற ஒவ்வொரு தடவையும் கேக்கும். நம்ம ஆளுங்க அதை ஸ்கிரீன் லாக்குன்னு நெனச்சு பிறந்த வருஷத்தைப் போடுவாங்க, மூணு தடவை தப்பாப் போட்டா சிம் பூட்டிக்கும், அப்புறம் பக் கோடு கேக்கும். அந்த எட்டு இலக்கம் சிம் ஒட்டி வந்த பெரிய அட்டையில சுரண்டுற கோட்டுக்குக் கீழ இருக்கும். அட்டையைக் குப்பையில போட்டுட்டீங்களா, கம்பெனி வெப்சைட்ல லாகின் பண்ணா பெரும்பாலும் காட்டும். பக் கோடை மட்டும் குத்துமதிப்பா அடிச்சுப் பாக்காதீங்க, பத்து தடவை தப்பானா சிம் செத்துடும், புதுசு தான் வாங்கணும். பின்னை ஆஃப் பண்ணி வச்சுக்கணும்னா போன் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கம் போனா சிம் லாக்குன்னு இருக்கும்.

பின் கேக்கல, ஆனா "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி"ன்னு நிக்குதா? ஆக்டிவேட் ஆகல. சூப்பர் மார்க்கெட்ல சாக்லேட் மாதிரி சிம்மை எடுத்துட்டு வந்துடலாம், ஆனா 2017 ஜூலைலேர்ந்து பிரீபெய்டு சிம்முக்கும் அடையாளம் காட்டினா தான் உயிர் வரும். வீடியோ கால்ல பாஸ்போர்ட் காட்டணும், இல்லன்னா போஸ்ட் ஆபீஸ் கவுன்டர்ல காட்டணும். வீடியோ கால்ல நம்ம பாஸ்போர்ட் சில சமயம் ஒத்துக்காது, பளபளப்பு தெரியல, வெளிச்சம் பத்தல, இந்த நாட்டு பாஸ்போர்ட் லிஸ்ட்ல இல்லன்னு ஏதாவது சொல்லுவாங்க. ரெண்டு தடவை முயற்சி பண்ணுங்க, மூணாவது தடவை போராடாதீங்க, போஸ்ட்-ஐடென்ட் (போஸ்ட் ஆபீஸ்ல அடையாளம் காட்டுற முறை) பேப்பரை பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோட போஸ்ட் ஆபீஸ் போயிடுங்க.

அங்கயும் பேர் பொருந்தலன்னு திருப்பி விட்டாங்களா? இது தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்குன்னே இருக்குற வியாதி. நமக்கு இனிஷியல் தான, சர்நேம் ஏது. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கும், ஜெர்மன் ஃபார்ம்ல அந்தக் கட்டத்தை காலியா விட முடியாது, உடனே அப்பா பேரை அங்க போட்டுடுவோம், பாஸ்போர்ட்ல அந்தப் பேரு பேர் பக்கத்துல இல்லவே இல்ல, ரிஜெக்ட். பாஸ்போர்ட்ல அச்சடிச்சிருக்குற எழுத்தைத் தவிர எதையும் சேக்காதீங்க. ஒரே ஒரு பேர் தான் இருக்குன்னா விசாவுலயோ ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டுலயோ அதை எந்தக் கட்டத்துல போட்டிருக்காங்களோ அதே மாதிரி போடுங்க, அதையே பேங்க், இன்சூரன்ஸ், யூனிவர்சிட்டி எல்லாத்துலயும் போடுங்க. ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி எழுதி வச்சா பின்னாடி இந்த ஒரு சிம் தொல்லை இல்ல, வாழ்க்கை பூரா தொல்லை.

ஆக்டிவேட் ஆயிடுச்சுன்னு மெயிலும் வந்துடுச்சு, இன்னும் வரலையா? ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, ஒரு ராத்திரி பொறுங்க. அப்புறம் அந்த சிம்மை வேற யார் போன்லயாவது போடுங்க. அங்க வேலை செஞ்சா தப்பு உங்க போன்ல. சில சாம்சங் மாடல் பெட்டியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், முதல்ல வாங்கின நாட்டு சிம்மைப் போட்டு மொத்தம் 5 நிமிஷம் பேசினா தான் வெளிநாட்டு சிம் எடுக்கும்னு. ஊர்லேர்ந்து சீல் உடைக்காம புது போன் கொண்டுவந்து இங்க வந்து பிரிக்கிறவங்க மாட்டுறது இதுல தான். இது நீங்களா தீக்குற விஷயம் இல்ல, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எழுதுங்க. இன்னும் கிளம்பாம ஊர்ல இருக்குறவங்க இதைப் படிச்சா, பெட்டியை இப்பவே பிரிச்சு அம்மாகிட்ட பேசிட்டு வாங்க.

வேற போன்லயும் வேலை செய்யலன்னா சிம் தான் பழுது, கஸ்டமர் கேர்.

இதுக்குள்ளயே இன்னொண்ணு. இந்தியாவுல சிம் இல்லாட்டியும் அவசர நம்பர் போகும்னு நம்பி இருப்போம். ஜெர்மனியில 2009 ஜூலைலேர்ந்து சிம் இல்லாத போன்லேர்ந்து 112 போகாது, உயிரோட இருக்குற சிம் ஒண்ணு உள்ள இருக்கணும். "வைஃபை தான் எல்லா இடத்துலயும் இருக்கே, சிம்மை மெதுவா வாங்கிக்கலாம்"னு ஒரு மாசம் ஓட்டுறவங்களுக்காக இதைச் சொல்றேன்.

## நெட் ஓடுது, ஆனா கால் போகல

முதல்ல நம்பரைப் பாருங்க. ஊர்ல சேவ் பண்ண காண்டாக்ட் எல்லாம் வெறும் பத்து இலக்கமா இருக்கும், ஜெர்மன் சிம்லேர்ந்து அடிச்சா அது ஜெர்மனிக்குள்ள எங்கயோ தேடும். +91 சேத்து சேவ் பண்ணுங்க. லேண்ட்லைனா இருந்தா முன்னாடி இருக்குற சைபரை எடுத்துடணும், சென்னைன்னா +91 44 அப்புறம் நம்பர். இங்க உள்ளவங்க 017-னு ஆரம்பிக்கிற நம்பர் குடுத்தா சைபரைத் தூக்கிட்டு +49 17-னு வைங்க.

அப்புறம் பேலன்ஸ். "எல்லாம் ஃப்ரீ"ங்குற பேக் ஜெர்மனிக்குள்ள தான் ஃப்ரீ, இந்தியாவுக்கு நிமிஷக் கணக்கு. வாட்ஸ்அப்ல பேசிட்டு இருக்குற வரைக்கும் இது தெரியாது, என்னைக்கோ ஒருநாள் நெட் இல்லாத தாத்தாவுக்கு நேரடியா அடிக்கும்போது தெரியும்.

நம்பர் சரி, பேலன்ஸும் இருக்கு, ஆனா கால் பண்ணும்போது 4ஜி குறி போய் 2ஜி வருது, குரல் கரகரங்குது, இல்ல கால் அப்படியே அறுந்துடுதுன்னா வோல்டி (VoLTE, 4ஜி வழியாவே கால் போற வசதி) ஆஃப்ல இருக்கு. ஜெர்மனியில 3ஜியை 2021லயே எல்லாக் கம்பெனியும் மூடிட்டாங்க, அதனால வோல்டி இல்லன்னா கால் நேரா 2ஜிக்கு விழும். செட்டிங்ஸ்ல சிம் பக்கம் போய் வோல்டியையும் வைஃபை காலிங்கையும் ஆன் பண்ணுங்க. சுவிட்சே காணோமா, சாஃப்ட்வேர் அப்டேட் போடுங்க. அப்டேட் போட்டும் காணோம்னா உங்க மாடல்ல அந்த ஜெர்மன் கம்பெனிக்கு வோல்டி இல்லன்னு அர்த்தம், வேற நெட்வொர்க் சிம் ஒண்ணை நண்பர்கிட்ட வாங்கிப் போட்டுப் பாருங்க. நெட்ல சீக்ரெட் கோடு அடிச்சு வோல்டியைத் திறக்குற வீடியோ எல்லாம் இருக்கு, அதைப் பண்ணி மோடமையே குழப்பி வச்சிட்டு வந்த ரெண்டு பேரை பாத்திருக்கேன், வேண்டாம்.

சிட்டியில நல்லா இருக்கு, ஊரைத் தாண்டினா சிக்னல் இல்லையா? ஊருக்கு வெளிய இங்க 800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 20 நிறைய ஓடுது. இந்தியாவுல அது கிடையாது, அதனால இந்தியாவுக்குன்னு செஞ்ச சில போன்ல அதைப் போடவே மாட்டாங்க. உங்க மாடல் நம்பரை அடிச்சு பேண்ட் லிஸ்ட்ல 20 இருக்கான்னு பாருங்க. இல்லன்னா செட்டிங்ல தீராது, அது ஹார்ட்வேர். டவுனுக்குள்ளயே இருக்குறவங்க அப்படியே ஓட்டிக்கலாம், கிராமத்துப் பக்கம் இன்டர்ன்ஷிப் கிடைச்சவங்க ஒரு பழைய போனை இங்கயே வாங்கிடுறது தான் வழி. ரயில்ல சிக்னல் போறதை மட்டும் கணக்குல எடுக்காதீங்க, அங்க ஜெர்மன்காரங்களே திட்டிட்டுத் தான் போறாங்க.

## நேத்து வரைக்கும் நல்லா இருந்த நெட் இன்னைக்கு ஆமை

டெக்ஸ்ட் மெசேஜ் போகுது, போட்டோ போகல, வீடியோ சுத்திட்டே இருக்கு. இது ரிப்பேர் இல்ல, பேக் தீந்துடுச்சு. தீந்ததும் 64 கேபிபிஎஸ், 32 கேபிபிஎஸ்னு இறக்கி விட்டுடுவாங்க. நம்ம ஊர்ல தினம் ராத்திரி 12 மணிக்கு டேட்டா மறுபடி பொறந்துடும், இங்க நாலு வாரத்துக்கு மொத்தமா ஒரு அளவு, முதல் வாரம் மெஸ்ல உக்காந்து ரீல்ஸ் பாத்தா மீதி மூணு வாரம் ஆமை தான். நாலு வாரம்னா 28 நாள், மாசம் இல்ல, அதனால "ஒண்ணாந்தேதி ரீசார்ஜ்"னு நெனச்சா தேதி நகந்துட்டே போகும். அந்த நாள் பேலன்ஸ்ல பத்து சென்ட் குறைஞ்சாலும் பேக் புதுப்பிக்காது, டேட்டா நிக்கும், இல்ல தனிக் கணக்குல பேலன்ஸைத் தின்னும்.

கடையில டாப்-அப் வாங்கினா கேஷியர் நீளமா ஒரு ரசீது குடுப்பாங்க, அதுல இருக்குற கோடை நீங்க தான் அடிச்சு ஏத்தணும். பில்லுன்னு நெனச்சு கசக்கிப் போட்டுட்டு "காசு குடுத்தேன் ஏறல"ன்னு வந்தவன் பேரை இங்க சொல்லல, அவன் இப்போ பிஎச்டி பண்றான்.

பேக் இருக்கு, ஆனா டேட்டா ஒரு துளி கூட ஓடல, கால் மட்டும் போகுதுன்னா ஏபிஎன் (APN), அதாவது போனை கம்பெனி நெட்டோட சேக்குற செட்டிங். புது சிம் போட்டதும் தானா வரணும், சில சமயம் பழைய இந்திய ஏபிஎன் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஏபிஎன் பக்கத்துல மூணு புள்ளியை அமுக்கி டீஃபால்ட்டுக்கு ரீசெட் பண்ணுங்க, அது போனை ரீசெட் பண்றது இல்ல, பயப்படாதீங்க. அப்பவும் வரலன்னா கம்பெனி வெப்சைட்ல இருக்குறதை எழுத்து விடாம டைப் பண்ணுங்க. டூயல் சிம் போன்னா டேட்டாவுக்கு எந்த சிம் தேர்வாகியிருக்குன்னும் ஒரு பார்வை பாருங்க, இந்திய சிம்ல டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கணும், ஐபோன்ல "டேட்டா ஸ்விட்சிங்"னு ஒரு சுவிட்ச் இருக்கு அதுவும் ஆஃப்ல இருக்கணும். இல்லன்னா ஜெர்மன் சிக்னல் குறையுற நேரத்துல சத்தமில்லாம இந்திய சிம்முக்குத் தாவிடும்.

பேலன்ஸ் ஒரே நாள்ல காலியா? சுவிஸ் பக்கம் போனீங்களான்னு கேப்பேன். 2017 ஜூன்லேர்ந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள ரோமிங்குக்குத் தனிக் காசு இல்ல, பாரிஸ் போனாலும் ப்ராக் போனாலும் அதே பேக். ஆனா சுவிட்சர்லாந்து யூனியன்ல இல்ல. சில பேக்ல அதையும் சேத்திருப்பாங்க, பல பேக்ல இல்ல. கான்ஸ்டன்ஸ் மாதிரி எல்லை ஊர்ல படிக்கிறவங்க கடைக்குப் போற வழியிலயே போன் சுவிஸ் டவரைப் பிடிச்சுடும். அந்தப் பக்கம் இருக்குறவங்க ஆட்டோமேட்டிக் நெட்வொர்க்கை ஆஃப் பண்ணி உங்க ஜெர்மன் கம்பெனியை மட்டும் தேர்வு பண்ணி வைங்க.

## இந்திய பேங்க் ஓடிபி வரல

என் கதவைத் தட்டுறவங்கள்ல பாதிப் பேர் இதுக்குத் தான். அதுவும் செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் சாயங்காலம், ஊர்ல பேங்க் மூடின பிறகு.

1. இந்திய சிம் ஆன்ல இருக்கா? சார்ஜ் நிக்கணும்னு சிம் 2-ஐ ஆஃப் பண்ணி வச்சிட்டு மறந்துடுவோம். ஆன் பண்ணி பத்து நிமிஷம் விடுங்க.

2. சிக்னல் கட்டை இருந்தும் வரலையா? நெட்வொர்க் தேர்வை மேனுவலுக்கு மாத்தி, இப்போ டெலிகாம்ல இருந்தா வோடஃபோனுக்கோ ஓ2-வுக்கோ மாத்துங்க. எந்தக் காசும் இல்லாம பாதிப் பிரச்சனை இங்கயே முடிஞ்சுடுது. ஏன்னு கேக்காதீங்க, நடக்குது.

3. மெசேஜ் ஆப்ல ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்க. பேங்க் ஓடிபி அங்க போய் உக்காந்திருந்ததை நானே பாத்திருக்கேன்.

4. இந்திய சிம் வேலிடிட்டி முடிஞ்சிருக்கா? வீட்ல அப்பா ரீசார்ஜ் பண்ணுவாரு, ஆனா அவரு ஞாபகத்துல அது 28 நாள் பேக்கா 84 நாள் பேக்கான்னு இருக்காது. டேட்டா இல்லாத, கால்-எஸ்எம்எஸ் மட்டும் இருக்குற ஒரு வருஷப் பேக் 2025லேர்ந்து கிடைக்குது, தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் சொல்லி வந்தது, நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. அதைப் போட்டுட்டு அடுத்த ரீசார்ஜ் தேதியை கேலண்டர்ல போடுங்க. வேலிடிட்டி முடிஞ்ச சிம் அன்னைக்கே போயிடாது, ஆனா 90 நாள் பயன்படுத்தாம விட்டா நம்பரை எடுத்து வேற யாருக்காவது குடுத்துடலாம். அந்த நம்பர்ல தான் உங்க வாட்ஸ்அப் இருக்கு, பேங்க் இருக்கு, ஆதார் இருக்கு. வாட்ஸ்அப்ல டூ-ஸ்டெப் பின் இப்பவே போட்டு வைங்க.

5. ரோமிங் சர்வீஸே ஆன் ஆகல. கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்ல இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணணும். பண்ணாம வந்துட்டா இங்கேர்ந்து ஆப்ல முயற்சி பண்ணலாம், ஆனா அந்த ஆப் லாகினுக்கே ஓடிபி கேட்டா, அது தான் நம்ம தலையெழுத்து. முன்னாடியே லாகின் பண்ணி வச்ச ஆப் இருந்தா தப்பிச்சீங்க, இல்லன்னா கம்பெனியோட ரோமிங் ஹெல்ப்லைனுக்கு அடிக்கணும்.

6. சிம் சமீபத்துல மாத்தினீங்களா? டூப்ளிகேட் சிம் வாங்கினா, இசிம்முக்கு மாத்தினா, முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பாங்க, மோசடியைத் தடுக்க. அன்னைக்கு எதுவும் உடைஞ்சு போகல, நாளைக்கு வரும்.

7. இதெல்லாம் தாண்டியும் வரலன்னா பேங்க் பக்கம் போங்க. பல பேங்க் மெயிலுக்கும் ஓடிபி அனுப்பும், நெட் பேங்கிங்ல அந்த ஆப்ஷனைத் தேடுங்க. நிரந்தரத் தீர்வு வேணும்னா அக்கவுண்ட்டை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கான இந்திய அக்கவுண்ட்டா ஆக்கி ஜெர்மன் நம்பரைக் குடுக்குறது. வெளிநாட்டுல படிக்கிற மாணவங்க ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) கணக்குல என்ஆர்ஐ தான்னு ஆர்பிஐ 2003லயே சொல்லிடுச்சு, அதனால சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட்டை மாத்திக்கிறது எப்படியும் பண்ண வேண்டிய வேலை. கொஞ்சம் பேப்பர் வேலை இருக்கும், கூரியர் அனுப்பச் சொல்லுவாங்க, லீவுக்கு ஊருக்குப் போறப்போ நேர்ல முடிக்கிறது நிம்மதி.

8. சிம்மே தொலைஞ்சிருச்சு, இல்ல உடைஞ்சிருச்சு. யார் பேர்ல சிம் இருக்கோ அவங்க கடைக்கு நேர்ல போய் விரல் வச்சா தான் டூப்ளிகேட். உங்க பேர்ல இருந்தா நீங்க ஊருக்குப் போற வரைக்கும் கஷ்டம், அப்பா பேர்ல இருந்தா அவரே வாங்கி, ஊருக்கு வந்துட்டுத் திரும்புற யார்கிட்டயாவது குடுத்து விடலாம்.

ஒரு குறுக்கு வழி நிறையப் பேர் பண்றாங்க. சிம்மை வீட்ல ஒரு பழைய போன்ல போட்டு, எஸ்எம்எஸ்ஸை ஃபார்வர்ட் பண்ற ஆப் ஒண்ணை ஏத்தி விட்டுடுவாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. உங்க பேங்க் ஓடிபி மொத்தமும் யாரோ செஞ்ச ஒரு ஆப் வழியா போகுது. அதுக்கு அம்மாவே போன்ல வாசிச்சுச் சொல்றது மேல், என்ன, "ஏழா ஒண்ணா, கண்ணாடி போட்டுட்டு வர்றேன் இரு"ன்னு போய் வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சுடும்.

## கேம்பஸ்ல எடுரோம் (யூனிவர்சிட்டி வைஃபை) கனெக்ட் ஆகல

- யூசர்நேம்ல @ போட்டு யூனிவர்சிட்டி டொமைன் வரைக்கும் முழுசா அடிச்சீங்களா? வெறும் ஐடி மட்டும் போட்டா சில இடத்துல உங்க கேம்பஸ்ல வேலை செய்யும், அடுத்த ஊர் யூனிவர்சிட்டிக்குப் போனா செத்துடும்.
- பாஸ்வேர்ட் மாத்தினீங்களா? போர்ட்டல்ல மாத்தினா எடுரோம்லயும் மாறிடும். போன், லேப்டாப் ரெண்டுலயும் நெட்வொர்க்கை ஃபர்கெட் குடுத்துட்டு புதுசா போடுங்க. ஒண்ணுல விட்டுட்டா அது பழைய பாஸ்வேர்டை விடாம அடிச்சு அடிச்சு அக்கவுண்ட்டையே லாக் பண்ணிடலாம்.
- சர்ட்டிஃபிகேட் கேக்குதா? கையால எதையும் நிரப்பாதீங்க. கெட்எடுரோம் ஆப்பை இறக்கி, யூனிவர்சிட்டி பேரைத் தேர்ந்தெடுத்து, லாகின் குடுத்தா அதுவே எல்லாத்தையும் போட்டுடும். இதைப் பண்ணவே நெட் வேணும், அதனால ரூம்லயே பண்ணிட்டுப் போங்க. பழைய போன்ல "வேலிடேட் பண்ணாதே"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், சீனியர்ஸ் அதை அமுக்கச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. அதை அமுக்கினா எடுரோம்னு பேர் வச்ச எந்த டப்பாவுக்கும் உங்க போன் பாஸ்வேர்டை நீட்டிடும்.
- கனெக்ட் ஆகுது, ஆனா எதுவும் திறக்கலன்னா விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க.

இதுக்கு மேல யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சென்டர் ஹெல்ப்டெஸ்க். ஐடி கார்டையும், பிரச்சனை பண்ற அதே கருவியையும் எடுத்துட்டுப் போங்க, வெறுங்கையோட போய் வாயால விளக்காதீங்க.

## ஹாஸ்டல் ரூம்ல நெட் இல்ல

நிறைய ஸ்டூடண்ட் ஹாஸ்டல்ல வைஃபை கிடையாது, சுவத்துல ஒரு லேன் ஓட்டை மட்டும் இருக்கும். முதல்ல லேப்டாப்பை கேபிள்ல நேரா சொருகிப் பாருங்க. நெட் வந்தா லைன் நல்லா இருக்கு, தப்பு உங்க ரவுட்டர்ல. வரலன்னா வேற கேபிள். அதுலயும் வரலன்னா உங்க ரூம் இன்னும் பதிவாகல, குடியேறும்போது குடுத்த பேப்பர்ல ரெஜிஸ்டர் பண்ற லிங்க் இருக்கும். பதிவு மேக் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் இருக்குற அடையாள எண் வச்சு நடக்குற இடம்னா போன்ல "ரேண்டம் மேக்" ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா இன்னைக்குப் பதிஞ்ச அட்ரஸ் நாளைக்கு வேற ஆளா தெரியும்.

ரவுட்டர் வைக்கிறவங்க கவனம். சுவத்துலேர்ந்து வர்ற கேபிளை WAN-னு எழுதின, பெரும்பாலும் தனி நிறத்துல இருக்குற ஓட்டையில தான் சொருகணும். நான் வந்த புதுசுல லேன் ஓட்டையில சொருகிட்டேன். என் ரவுட்டர் மாடி பூராவுக்கும் ஐபி அட்ரஸ் வாரி வழங்க ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி எட்டு மணி, பரீட்சை வாரம், பதினாலு ரூம்ல நெட் போச்சு. காரிடார்ல எல்லாரும் கதவைத் திறந்து "யாருக்காவது நெட் இருக்கா"ன்னு கேக்குறாங்க, நானும் வெளிய வந்து ரொம்ப அக்கறையா "எனக்கும் இல்ல"ன்னேன். மறுநாள் என் போர்ட்டை மட்டும் பிளாக் பண்ணி மெயில் வந்தப்போ தான் புரிஞ்சுது. உங்க போர்ட் பிளாக் ஆகியிருந்தா, ரவுட்டரைக் கழட்டிட்டு, நடந்ததை அப்படியே எழுதி மன்னிப்புக் கேட்டு மெயில் போடுங்க, திறந்து விட்டுடுவாங்க.

யாருக்கு மெயில்? பல ஊர்ல மாணவங்களே சேர்ந்து ஹாஸ்டல் நெட்வொர்க்கை நடத்துறாங்க, டிரெஸ்டன்ல ஏஜி டிஎஸ்என் அப்படி ஒண்ணு. மத்த இடத்துல நெட்வொர்க் டியூட்டர்னு ஒருத்தர் இருப்பாரு, நோட்டீஸ் போர்டுல பேர் இருக்கும். கட்டடத்தைப் பாத்துக்குற ஹவுஸ்மைஸ்டர்கிட்ட போகாதீங்க, அவருக்கு ஹீட்டரும் பூட்டும் தான் வேலை.

நெட் இருக்கு, ராத்திரி மட்டும் ஸ்லோ. கேபிள்ல பாருங்க. கேபிள்ல வேகமா இருந்தா வைஃபை நெரிசல், ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. கேபிள்லயும் ஸ்லோன்னா கட்டடமே ஸ்லோ, விடியக்காலை டவுன்லோட் பண்ணிக்கோங்க.

ஷேரிங் வீட்ல சொந்தமா டிஎஸ்எல் எடுத்தவங்க: ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் வரலன்னா அன்னைக்கே கம்பெனில புகார் பதிஞ்சு நம்பர் வாங்குங்க, போன்ல வாய்வார்த்தையா விடாதீங்க. லைன் முழுசா செத்துப் போய், அவங்க சரி பண்ணாம ரெண்டு நாள் தாண்டினா மூணாவது நாள்லேர்ந்து ஒரு நாளைக்கு 5 யூரோ இல்ல மாசக் கட்டணத்துல 10 சதவீதம், இதுல எது அதிகமோ அது, அஞ்சாவது நாள்லேர்ந்து 10 யூரோ இல்ல 20 சதவீதம் கேக்குற உரிமை 2021 டிசம்பர் சட்டத்துலேர்ந்து இருக்கு. டெக்னீஷியன் சொன்ன நாள்ல வரலன்னாலும் உண்டு. நாள் பூரா லெக்சரை விட்டுட்டு வாசலைப் பாத்து உக்காந்திருந்த எனக்கு இது தெரியாம ரெண்டு தடவை சும்மா விட்டுட்டேன்.

## நெட் சூப்பரா இருக்கு, ஆனா வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு

சிரிக்காதீங்க, இதுவும் கனெக்ஷன் பிரச்சனை தான். ஊர்ப் பழக்கத்துல டோரன்ட்ல புதுப் படத்தை இறக்குவோம். இங்க படத்தோட உரிமை வச்சிருக்குறவங்க சார்பா வக்கீல் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வரும், அப்மானுங்னு சொல்லுவாங்க, பல நூறு யூரோ கேக்கும், கூடவே "இனிமே பண்ண மாட்டேன்"னு கையெழுத்துப் போட ஒரு பேப்பர் இருக்கும். டோரன்ட்ல நீங்க இறக்கும்போதே மத்தவங்களுக்கு ஏத்தியும் விடுறீங்க, மாட்டுறது அதுல.

முதல்ல டோரன்ட் ஆப்பைத் தூக்குங்க. லெட்டர்ல இருக்குற தேதியைக் குறிங்க, கெடு ரொம்பக் கம்மியா இருக்கும். பணம் கட்டாதீங்க, கையெழுத்தும் போடாதீங்க, குப்பையிலயும் போடாதீங்க. இது ஒண்ணுக்கு மட்டும் சீனியரைக் கேக்காதீங்க, என்னையும் சேத்து. நேரா யூனிவர்சிட்டி மாணவர் சங்கத்துக்கு, அஸ்தாவுக்குப் போங்க, பல அஸ்தாவுல இலவச சட்ட ஆலோசனை உண்டு. அங்க கிடைக்கலன்னா ஃபெர்பிராவுஹர்சென்ட்ராலே, நுகர்வோர் மையம், சின்னக் கட்டணம் வாங்கிட்டு பாப்பாங்க.

## வீடியோ கால்ல அம்மா உறைஞ்சு நிக்கிறாங்க

முதல்ல தப்பு எந்தப் பக்கம்னு பிரிக்கணும். இன்னொருத்தருக்கு வீடியோ கால் போட்டுப் பாருங்க. அது ஓடுச்சுன்னா உங்க நெட் நல்லா இருக்கு, பிரச்சனை வீட்ல.

சாயங்காலத்துக்கு மேல மட்டும் உறையுதுன்னா அம்மாவோட 1.5 ஜிபி தீந்திருக்கும். கேட்டா "நான் எதுவும் பாக்கலையே"ம்பாங்க. மத்தியானம் சீரியல் ரெண்டு எபிசோட், அப்புறம் சித்தி அனுப்பின சமையல் வீடியோ. வீட்ல வைஃபை இருந்தும் போன் மொபைல் டேட்டாவுலயே ஓடிட்டு இருக்கும், வைஃபை குறி தெரியுதான்னு கேளுங்க, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

வாட்ஸ்அப்பே திறக்க மாட்டேங்குதுன்னா ஸ்டோரேஜ் ஃபுல். குட்மார்னிங் படத்தை எல்லாம் அழிச்சா தான் வழி, அழிக்கச் சொன்னா மனசு வராது, மீடியா ஆட்டோ-டவுன்லோடை லீவுக்குப் போறப்போ நீங்களே ஆஃப் பண்ணிட்டு வந்துடுங்க.

கரண்ட் போற நேரத்துல எல்லாம் கால் அறுந்தா, ஃபைபர் பெட்டி இன்வெர்ட்டர் லைன்ல இல்ல. ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டர்ல இருக்கும், மோடம் சொருகின பாயின்ட் மட்டும் நேர் லைன்ல இருக்கும். எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயின்ட்டை மாத்தச் சொல்லுங்க. மொத்த லிஸ்ட்லயும் கம்மிக் காசுல பெரிய நிம்மதி இது தான்.

பெட்டியில சிவப்பு லைட் எரியுதான்னு கேளுங்க. எல்ஓஎஸ்னு எழுதின இடத்துல சிவப்புன்னா கேபிள் எங்கயோ அறுந்திருக்கு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி அவங்களைப் படுத்தாதீங்க, லைன்மேன் தான் வரணும். அவர் நம்பரை பெட்டி மேலயே மார்க்கர்ல எழுதி வைங்க.

## எல்லாம் நல்லா இருக்கு, அம்மா தான் போன் எடுக்கல

மணியைப் பாருங்க. கோடையில நமக்கும் ஊருக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரத்தைத் திருப்பினதும் நாலரை ஆயிடும், மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும். நீங்க வழக்கம் போல ஆறரைக்கு அடிச்சா அங்க பத்து மணி இல்ல, பதினொண்ணு. தூங்கிட்டாங்க.

மணியும் சரின்னா வாட்ஸ்அப்பை விட்டுட்டு சாதா கால் போடுங்க, +91 போட்டு. அதுவும் அடிச்சு ஓய்ஞ்சா அப்பாவுக்கு. அப்பா போன் சுவிட்ச் ஆஃப்னா எதிர்வீட்டு அக்காவுக்கு. அந்த அக்கா நம்பர் உங்ககிட்ட இல்லன்னா இன்னைக்கே வாங்கி சேவ் பண்ணிடுங்க. போன வாரம் ஒரு தங்கச்சி மூணு மணி நேரம் அழுதுட்டு உக்காந்திருந்தா. அங்க அம்மா போன் அரிசி டப்பா மேல சைலண்ட்ல சார்ஜ்ல இருந்திருக்கு, அவங்க கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போயிருக்காங்க. அதைச் சொன்னது எதிர்வீட்டு அக்கா தான்.